ஐஸ்பெட்டி குளிரைத் தருவதில்லை



புந்தோங்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வரிசை தள்ளி ஓர் அக்கா இருக்கிறார். இருபது வருஷம் பால்மரம் வெட்டிய கை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது மூட்டை முடிச்சோடு ஈப்போவுக்கு வந்து சேர்ந்தவர்களில் அவரும் ஒருவர். அவருக்கு இனிப்புநீர். காலையும் மாலையும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஒரு மாதமாக அவருடைய சீனி அளவு பதினெட்டு, இருபது என்று ஏறிக்கொண்டே போனது. கிளினிக்கில் ஊசியின் அளவைக் கூட்டினார்கள். அப்படியும் இறங்கவில்லை. "சோத்தைக் குறைங்க" என்றார்கள். குறைத்தார். "ஒழுங்காப் போடுறீங்களா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில்தான் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

முப்பது வருஷத்துக்கு மேல் தோட்டத்து மருந்தகத்தில் குப்பை கொட்டியவன் நான். பழக்கதோஷம், வீட்டுக்குப் போனால் முதலில் மருந்தைப் பார்ப்பேன். "எங்கக்கா வச்சிருக்கீங்க?" என்றேன். ஐஸ்பெட்டியைத் திறந்து காட்டினார். ஒற்றைக் கதவுப் பழைய பெட்டி. மேலே ஐஸ் கட்டி பிடிக்கும் அறை. அந்த அறையை ஒட்டினாற்போல், நன்றாக உள்ளே தள்ளி, மருந்துக் குப்பிகள். ஒன்றை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்தேன். பால்போலக் கலங்க வேண்டிய மருந்துக்குள் தவிடு தவிடாகத் துகள் மிதந்தது. உறைந்து, உருகி, மறுபடி உறைந்த மருந்து அது. பாதிக்கு மேல் செத்துப்போன மருந்தைத்தான் அக்கா ஒரு வேளை தவறாமல் குத்திக்கொண்டிருந்தார்.

"ஐஸ்பெட்டியிலதானே வச்சிருக்கேன் தம்பி! நல்லா குளுகுளுன்னு இருக்கட்டும்னுதான் உள்ளுக்குத் தள்ளி வச்சேன். எப்படிக் கெட்டுப்போகும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த மாதக் கட்டுரை. அக்கா மீது குற்றமில்லை. நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெட்டிக்குள்ளே என்ன நடக்கிறது என்று யாராவது சொல்லித் தந்தார்கள்? தவணையில் வாங்கினோம், சுவிட்சைத் தட்டினோம், சாமானை அடுக்கினோம். அவ்வளவுதான். ஐஸ்பெட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை தெரிந்திருந்தால் பணமும் மிஞ்சும், வயிறும் தப்பும், சில வீடுகளில் உயிரும் தப்பும் என்பது என் கட்சி.

முதலில் ஒரு விஷயத்தை மனசில் போட்டுக்கொள்ளுங்கள். குளிர் என்று ஒரு பொருளே கிடையாது. சூடு உண்டு, சூடு இல்லாத நிலையை நாம் குளிர் என்கிறோம். ஐஸ்பெட்டி குளிரைத் தயாரித்து உள்ளே ஊதுவதில்லை. உள்ளே இருக்கிற சூட்டை வாரி எடுத்து வெளியே கொட்டுகிறது. அது ஒரு சூடு இறைக்கும் யந்திரம்.

எப்படி இறைக்கிறது? நாம் எல்லோரும் உடம்பால் அறிந்த சங்கதிதான். நிரை வெட்டி முடித்து, பால் வாளியோடு மேடேறி வருகிறீர்கள். சட்டை நனைந்து ஒட்டிக்கொள்கிறது. ஒரு காற்று வீசினால் உடம்பே சிலிர்க்கிறது. காற்று குளிர்ந்த காற்றா? இல்லை. வியர்வை ஆவியாகிறபோது அதற்குச் சூடு தேவை. அந்தச் சூட்டை அது உங்கள் தோலிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறது. ஊசி போடுவதற்கு முன்னே ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் ஜில்லென்று இருக்கிறதே, அதுவும் இதே கதை. ஸ்பிரிட் தண்ணீரைவிட வேகமாக ஆவியாகும். ஆகவே வேகமாகச் சூட்டைப் பிடுங்கும். நம் பாட்டிமார் வைத்திருந்த மண்பானையும் அப்படித்தான். பானையின் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் வழியே கசியும் நீர் வெளியே ஆவியாகி, உள்ளே இருக்கும் நீரின் சூட்டைக் கொண்டுபோகிறது.

ஒரு கணக்குச் சொல்கிறேன், பயப்பட வேண்டாம். ஒரு கிராம் தண்ணீரை உறைநிலையிலிருந்து கொதிநிலை வரைக்கும் சூடேற்ற 100 கலோரி போதும். ஆனால் அதே ஒரு கிராம் கொதிநீரை முழுவதும் ஆவியாக்க இன்னும் ஏறக்குறைய 540 கலோரி வேண்டும். பார்த்தீர்களா? ஆவியாகும்போது ஒரு திரவம் விழுங்குகிற சூடு அவ்வளவு பெரியது. அது திரும்பவும் திரவமாகும்போது, விழுங்கியதை அத்தனையும் கக்கிவிடும். இந்த விழுங்கலும் கக்கலும்தான் ஐஸ்பெட்டி. மற்றதெல்லாம் குழாய்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. ஐஸ்பெட்டிக்குள் கொதிக்க வேண்டுமானால், கடுங்குளிரிலும் கொதிக்கிற திரவம் வேண்டும். அப்படிப்பட்டவை உண்டு. அம்மோனியா சுழிக்குக் கீழே 33 டிகிரியிலேயே கொதித்துவிடும். பல வருஷங்களாக வீட்டுப் பெட்டிகளில் இருந்து வரும் 134ஏ என்ற வாயு சுழிக்குக் கீழே 26 டிகிரியில் கொதிக்கும். இப்போது வருகிற புதுப் பெட்டிகள் பலவற்றில் 600ஏ என்று எழுதியிருக்கும். அது ஐசோபியூட்டேன், அடுப்பு எரிவாயுவின் பங்காளி. அது சுழிக்குக் கீழே ஏறக்குறைய 12 டிகிரியில் கொதிக்கும்.

இதோடு அழுத்தம் என்ற ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற தோழர்களுக்கு இது தெரியும். அங்கே பருப்பு வேக நேரமாகும். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது. பிரஷர் குக்கரில் நேர்மாறு. உள்ளே அழுத்தம் கூடுவதால் 120 டிகிரி வரை போனால்தான் கொதிக்கும், ஆகையால் கறி சீக்கிரம் வேகும். அழுத்தத்தைக் குறைத்தால் குளிர்ந்த நிலையிலேயே கொதிக்கும். அழுத்தத்தைக் கூட்டினால் சூடான நிலையிலேயே திரவமாகிவிடும். இந்தச் சூட்சுமம் பிடிபட்டுவிட்டால் மெக்கானிக் உங்களை ஏமாற்ற முடியாது.

இனிப் பெட்டிக்குப் பின்னால் வாருங்கள். கீழே கறுப்பாக ஒரு குண்டு இருக்கிறதே, உறுமிக்கொண்டு, அதுதான் கம்பிரஸர். சைக்கிளுக்குக் காற்றடிக்கிறபோது பம்பின் அடி சுடும், தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி இந்தக் குண்டு வாயுவை நெருக்கிப் பிழிகிறது. வாயு சூடாகி, அழுத்தத்தோடு, பின்பக்கத்துக் கம்பி வலைக் குழாய்க்குள் போகிறது. அந்தக் குழாயின் சூடு நம் அடுப்படியின் சூட்டைவிட அதிகம். ஆகையால் சூடு வெளியே போகிறது, வாயு திரவமாகிறது. பிறகு தலைமுடிபோல மெல்லிய ஒரு செம்புக் குழாய் வழியே அந்தத் திரவம் முக்கி முனகி நுழைந்து மறுபக்கம் வருகிறபோது அழுத்தம் படக்கென்று விழுகிறது. விழுந்த மாத்திரத்தில் கொதிக்கத் தொடங்குகிறது. கொதிக்கச் சூடு வேண்டுமே! எங்கே கிடைக்கும்? உங்கள் கோழிக்கறியிலிருந்தும், பச்சைக் காயிலிருந்தும், தண்ணீர்ப் போத்தலிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஆவியான பிறகு மறுபடி குண்டுக்கு. இப்படியே சுற்றிச் சுற்றி, இரவும் பகலும்.

பள்ளத்து நீர் தானாக மேட்டுக்கு ஏறாது. வாளியும் கையும் வேண்டும். சூடும் அப்படியே. குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்குத் தானாகப் போகாது. இங்கே வாளி அந்த வாயு, கை அந்தக் கம்பிரஸர், கைக்குச் சோறு மின்சாரம். மாதா மாதம் கட்டுகிறோமே பில், அது அந்தக் கைக்கூலி.

சில வீடுகளில் வெயில் நேரத்தில் ஐஸ்பெட்டிக் கதவைத் திறந்து வைத்து அதன் முன்னால் பிள்ளைகளைப் படுக்க வைக்கிறார்கள். முகத்தில் கொஞ்சம் குளுமை அடிக்கும், உண்மை. ஆனால் முன்னால் எடுத்த சூட்டைப் பின்னால் அதே அறையில் கொட்டுகிறது. அதோடு கம்பிரஸரின் சொந்தச் சூடும் சேர்கிறது. கூட்டிக் கழித்தால் வீடு முன்னைவிடச் சூடுதான் ஆகும். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். பில் வந்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

இன்னொன்று. "வருஷா வருஷம் கேஸ் அடிக்கணும் அண்ணே" என்று சொல்கிற ஆள் நம் வட்டாரத்தில் உண்டு. தோழர்களே, அந்த வாயு எரிபொருள் அல்ல, தீர்ந்துபோக. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் வாயுவை மட்டும் ஏற்றுகிறவனுக்கு அடுத்த வருஷமும் நீங்கள்தான் வாடிக்கை. ஓட்டை எப்படி விழுகிறது? பாதி நேரம் நம் கையாலேயே. ஐஸ் கட்டிப் பிடித்துவிட்டது என்று கத்தியாலும் ஸ்குரு டிரைவராலும் குத்துகிறோம். குத்துகிற இடத்தில்தான் குழாய் ஓடுகிறது. புதுப் பெட்டியின் வாயு தீப்பிடிக்கக் கூடியது என்பதையும் மறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவைத் திறந்து வைத்து, தானாக உருக விடுங்கள்.

முந்தைய பெட்டிகளில் இருந்த 12 என்ற வாயு தீப்பிடிக்காது, விஷமுமில்லை. ஆனால் அது வெளியேறி மேலே போய், சூரியனின் கொடிய கதிரைத் தடுக்கிற ஓசோன் படலத்தைத் தின்கிறது என்று 1974-இல் மொலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் சொன்னார்கள். 1987-இல் மொண்ட்ரியல் நகரில் நாடுகள் கூடி உடன்படிக்கை செய்தன. அதனால்தான் வாயுக்கள் மாறின. நிழலில்லாத மறுநடவுக் காட்டில் வேலை செய்கிறவனுக்கு இது தூரத்து விவகாரம் அல்ல.

பழைய கதை

ஐஸ் யாருக்கு வந்தது முதலில் என்று பார்த்தால் நமக்குக் கொஞ்சம் கோபம்கூட வரும். 1833-இல் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து ஒரு கப்பலில் 180 டன் ஐஸ் ஏற்றி, நான்கு மாதம் கடலில் வந்து, கல்கத்தாவில் இறக்கினார்கள். ஏரியில் உறைந்ததை வெட்டி எடுத்த ஐஸ். வழியில் உருகியது போக ஏறக்குறைய 100 டன் மிஞ்சியது. அனுப்பியவர் ஃபிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி. சென்னையில் அவருக்காக 1842-இல் கடற்கரை ஓரமாக ஓர் ஐஸ் ஹவுஸ் எழுந்தது. இன்றைக்கு விவேகானந்தர் இல்லம் என்று சொல்கிறார்களே, அந்த வட்டக் கட்டடம்தான் அது. அந்த ஐஸ் துரைமார் குடிக்கிற பானத்துக்கு வந்தது; காய்ச்சலில் கிடந்த கூலிக்காரன் நெற்றிக்கு வரவில்லை.

மரத்தூளில் பொதித்தால் அவ்வளவு தூரம் எப்படித் தாக்குப் பிடித்தது? ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கே 80 கலோரி சூடு வேண்டும். மரத்தூள் வெளிச் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். ஆகவே உருகுவதும் மெதுவாகத்தான். ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி மரத்தூளில் புதைத்துச் சைக்கிளில் கொண்டுவந்து விற்றதைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பிற்பாடு யந்திரத்தில் ஐஸ் செய்யும் தொழிற்சாலைகள் வந்தபோது பெரும்பாலும் அம்மோனியாவைத்தான் பயன்படுத்தினார்கள். பெரிய ஐஸ் ஆலைகளில் இன்றும் அதுதான். நமக்கு அந்த வாடை தெரியாததா? பால் உறையாமல் இருக்கப் பால் ஸ்டோரில் ஊற்றுகிற அதே அம்மோனியா. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவோமே, அதே சரக்கு. அங்கே பாலைக் காப்பாற்றுகிறது, இங்கே மீனைக் காப்பாற்றுகிறது.

மின்சாரமும் அப்படித்தான். பேராக் ஆற்றில் செண்டெரோ அணை 1930-இல் ஓடத் தொடங்கிய போது அதன் மின்சாரம் கிந்தா வட்டாரத்து ஈயச் சுரங்கங்களுக்குப் போனது. அதற்குப் பிறகும் வெகு காலம் லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்குத்தான். மின்சாரம் வந்த தோட்டங்களிலும் பல இடங்களில் இன்ஜின் ஓடுகிற சில மணி நேரத்துக்கு மட்டும்தான். அப்படிப்பட்ட இடத்தில் ஐஸ்பெட்டி வாங்கி என்ன செய்வது? துணி அடுக்கி வைத்த வீட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் நம் ஆட்கள் ஐஸ்பெட்டி இல்லாமலே உணவைக் காத்தவர்கள். புந்தோங்கில் கச்சாங் பூத்தே கம்பத்தில் போய்ப் பாருங்கள். முறுக்கும் கடலையும் பட்டாணியும் மாதக் கணக்கில் கெடாமல் இருக்கிறது. கருவாடு, ஊறுகாய், வற்றல், வடகம் எல்லாம் அப்படியே. ஏன் கெடுவதில்லை? கிருமிகள் பெருகுவதற்கு நாலு சங்கதி வேண்டும்: தீனி, ஈரம், கதகதப்பு, நேரம். வறுத்தோ காய வைத்தோ நாம் ஈரத்தை எடுத்துவிடுகிறோம். உப்பும் ஈரத்தைக் கிருமிக்குக் கிடைக்காமல் கட்டிப் போடுகிறது. ஐஸ்பெட்டி எடுப்பது கதகதப்பை மட்டும்தான். தீனியும் ஈரமும் அங்கேயே இருக்கின்றன. நேரமும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஐஸ்பெட்டிக்குள் கிருமி சாவதில்லை, சோம்பிக் கிடக்கிறது. ஐஸ் பிடிக்கிற அறையிலும் பெரும்பாலான கிருமிகள் தூங்கத்தான் செய்கின்றன. வெளியே எடுத்து வைத்தீர்களோ, கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்துவிடும்.

எவ்வளவு வேகம் என்று தெரிய வேண்டுமா? நல்ல கதகதப்பில் சில கிருமிகள் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, ஏழு மணி நேரத்தில் 21 தடவை இரட்டித்தால் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். விடியற்காலை நாலு மணிக்கு ஆக்கிய சோற்றுக்கும் குழம்புக்கும் பதினோரு மணிக்கு என்ன வயசு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே இருக்கிற உணவு ஆபத்தான உணவு. நம் ஊர் அடுப்படி 30 டிகிரிக்கு மேல். ஆகையால் ஆக்கி இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், அல்லது உள்ளே வைக்க வேண்டும்.

"ராத்திரி கொதிக்க வச்சிட்டாச் சரியாப் போச்சு" என்று சொல்லும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். கொதித்தால் கிருமி சாகும். ஆனால் சோற்றிலும் கறியிலும் வளரும் சில கிருமிகள் கக்கி வைத்த விஷம் கொதித்தாலும் போகாது. சோற்றில் வருகிற ஒரு கிருமி வித்தாக மாறி, உலையிலேயே உயிரோடு இருந்து, ஆறுகிறபோது முளைக்கிறது. கெடா மாநிலத்தில் 2013-இல் ஒரு கல்யாண விருந்துக் கோழிச் சமையலால் நான்கு பேர் இறந்துபோனார்கள். காலரா காலத்துக் கதை இல்லை இது, நம் காலத்துச் சாவு. கோயில் அன்னதானத்துக்கு அண்டாவில் ஆக்குகிற தோழர்கள் இதை மனசில் வையுங்கள். பெரிய அண்டா நடுவில் பல மணி நேரம் கதகதப்பாகவே இருக்கும்.

அதே காரணத்துக்காகத்தான் பெரிய சட்டியை அப்படியே ஐஸ்பெட்டியில் தள்ளக் கூடாது என்கிறேன். கொதிக்கக் கொதிக்க வைத்தால் அந்தச் சூடு முழுவதையும் பெட்டி இறைத்தாக வேண்டும். அதற்குள் பக்கத்தில் இருக்கிற பாலும் மீனும் சூடாகிவிடும். அதற்காக ராத்திரி முழுக்க வெளியே ஆற விடுவதும் தப்பு. அகலமான சிறிய பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, ஆவி அடங்கியதும் வையுங்கள். பச்சைக் கோழியை எப்போதும் அடித்தட்டில், மூடி வையுங்கள். மேலே வைத்தால் அதன் நீர் சொட்டிக் கீரையில் விழும். கீரையை நாம் அதிகம் வேக வைப்பதுமில்லை. பெட்டியை அடைத்து நிரப்பாதீர்கள். உள்ளே காற்று சுற்ற வழி வேண்டும். பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்தால் கொட்ட வேண்டிய சூட்டைக் கொட்ட இடமிருக்காது. ஒரு சாண் தள்ளி வையுங்கள், தூசியைத் தட்டுங்கள். கதவு ரப்பரில் ஒரு காகிதத்தைச் செருகி மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் சூடும் அந்த வழியாகத்தான் நுழைகிறது. எந்த ரப்பரானாலும் நமக்குத் தெரிந்த சரக்குத்தானே!

இப்போது அக்காவின் மருந்துக்கு வருகிறேன்.

2019-இல் அரசாங்கம் எடுத்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. மூன்று பேர் உட்கார்ந்தால் ஏறக்குறைய ஒருவர். ஆகவே நம் சமூகத்தில் ஐஸ்பெட்டி என்பது முதலில் மருந்துப் பெட்டி, அப்புறம்தான் கறிப் பெட்டி. நான் கண்ட வீடுகளில் நேர்மாறாக இருக்கிறது.

இன்சுலின் ஒரு புரதம். திறக்காத குப்பியை 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவே வைக்க வேண்டும். அதிகச் சூடு பட்டால் மெல்ல மெல்ல வலு குறையும். உறைந்துவிட்டாலோ அன்றோடு சரி. உருக்கினாலும் திரும்பாது, வீசிவிட வேண்டியதுதான். கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் வீசிவிட வேண்டும். ஆகவே ஐஸ் அறைக்குப் பக்கத்தில் வேண்டாம், பின்சுவரை ஒட்டியும் வேண்டாம். கதவிலும் வேண்டாம், கதவு திறக்கத் திறக்கச் சூடு ஏறி இறங்கும். நடுத்தட்டில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வையுங்கள். அவ்வளவுதான் வேலை. நடப்பில் இருக்கிற குப்பியையோ பேனாவையோ உள்ளே வைக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான வகைகள் 25 அல்லது 30 டிகிரிக்குள் நாலு வாரம் வெளியே தாங்கும். எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும், தாளைப் படியுங்கள் அல்லது மருந்து கொடுக்கிறவரைக் கேளுங்கள். மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள். அது ஓர் அடுப்பு.

ஐஸ்பெட்டி இல்லாத தோழர் என்ன செய்வார்? கென்யாவில் ஓர் அகதி முகாமின் வெப்பநிலையை அடிப்படையாக வைத்து, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக் கழகமும் செய்த ஆய்வு 2021-இல் வெளியானது. 25-க்கும் 37-க்கும் நடுவே ஏறி இறங்கும் வெப்பத்தில் நாலு வாரம் வைத்தும் இன்சுலின் வலு குறையவில்லை என்று கண்டார்கள். இதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் இதற்காக உங்கள் வைத்தியர் சொன்னதை மாற்றிக்கொள்ள வேண்டாம். ஐஸ்பெட்டி இல்லை என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பானைக்குள் பானை வைத்து நடுவில் ஈர மணல் போடும் முறையை நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் 1990-களில் பரப்பினார். நம் பாட்டி வித்தைதான். வறண்ட காற்றில் அது நன்றாக வேலை செய்யும். நம் ஈப்போக் காற்றில் ஈரம் அதிகம். ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும். ஆகவே ஓரளவு குளுமை கிடைக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

இனி நான் சங்கத்துக்கும் கிளைச் செயலாளர்களுக்கும் சொல்ல விரும்புவது. பல வருஷங்களுக்கு முன்பு நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் மருந்தகத்து ஐஸ்பெட்டியில் ஊசி மருந்துக்குப் பக்கத்தில் பங்களா வீட்டு மீன் இருக்கும். விருந்து நாளில் பீர் போத்தலும் வரும். திறந்து மூடித் திறந்து மூடி, உள்ளே எத்தனை டிகிரி என்று கடவுளுக்குத்தான் தெரியும். எனக்கு வாய் இருந்தும் பேசவில்லை. சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் போடும் முத்தடுப்பு ஊசி, கல்லீரல் அழற்சி பி ஊசி எல்லாம் உறைந்தால் கெடுகிற மருந்துகள். கெட்ட ஊசியைப் போட்டால் பிள்ளை அழும், காய்ச்சலும் வரும், பாதுகாப்பு மட்டும் வராது. யாருக்கும் தெரியவும் தெரியாது. அதனால்தான் சுகாதார நிலையங்களில் தடுப்பூசிக்கென்று தனிப் பெட்டி வைத்து, வெப்பமானியைக் காலையும் மாலையும் பார்த்து எழுதுகிறார்கள்.

1990-ஆம் வருஷத்துத் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் தோட்ட வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீரும் போதுமான மின்சாரமும் கொடுக்கச் சொல்கிறது. 2019-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி விரிவாக்கினார்கள். "போதுமான" என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்? விளக்கு எரிந்தால் போதும் என்று நிர்வாகம் சொல்லும். ஐஸ்பெட்டிக்கு அது போதாது. ராத்திரி பத்து மணிக்கு நின்று விடியற்காலை வருகிற மின்சாரம் இனிப்புநீர்க்காரனுக்கு மின்சாரமே இல்லை. பேச்சு வார்த்தைக்குப் போகிற தோழர்கள் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இன்றைக்குத் தோட்டத்து விடுதிகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஓர் அறையில் பல பேர். அவர்களில் ஒருவர் இன்சுலின் போடுகிறவராக இருந்தால் எங்கே வைப்பார்? விடுதிக்கு ஒரு சின்னப் பெட்டி, அதற்கு ஒரு பூட்டு, உள்ளே சில வெள்ளிக்குக் கிடைக்கிற ஒரு வெப்பமானி. மருந்தைத் தவிர வேறெதுவும் அதில் வைக்கக் கூடாது. இதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

கிளினிக்கில் இருக்கிற தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. சீனி இறங்கவில்லை என்றால் "ஒழுங்காப் போடுறீங்களா" என்று கேட்பதற்கு முன்னால் "மருந்தை எங்கே வைக்கிறீங்க" என்று கேளுங்கள். அக்காவுக்குப் புதுக் குப்பி வாங்கி நடுத்தட்டில் வைத்தோம். ஏற்றி வைத்த அளவை அப்படியே போட்டால் சீனி திடீரென்று விழுந்து மயங்கிவிடுவாரே என்ற பயம் எனக்கு. அதனால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய் வைத்தியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு அளவைக் குறைத்து எழுதினார். உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் நீங்களும் அதையே செய்யுங்கள். புதுக் குப்பியை எடுத்துச் சும்மா குத்த வேண்டாம்.

ஓடாத பழைய பெட்டியைப் பின்சந்தில் போடுகிறவர்கள் கதவைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். ஒளிந்து விளையாடுகிற பிள்ளை உள்ளே புகுந்துவிட்டால் மூச்சுக்கு வழியில்லை.

கடைசியாக, தீபாவளிக்கோ துக்கத்துக்கோ ஊருக்குப் போய் நாலு நாள் வீடு பூட்டிக் கிடந்தால், நடுவில் மின்சாரம் போய் வந்ததா என்று எப்படித் தெரியும்? ஒரு கிளாஸில் தண்ணீர் ஊற்றி ஐஸ் அறையில் உறைய வையுங்கள். உறைந்த பிறகு அதன் மேல் ஓர் இருபது சென் காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் முதலில் அதைப் பாருங்கள். காசு மேலேயே இருந்தால் நல்லது. காசு அடியில் போய் உறைந்திருந்தால் ஐஸ் முழுக்க உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்தக் கோழியையும் மீனையும் மோந்து பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், குப்பையில் போடுங்கள். நடுத்தட்டில் இருக்கிற மருந்தை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள்.